அடிப்படை ஆங்கிலச் சொற்களைப் பேசவும் எழுதவும் வரும்படி கற்பது எப்படி? வரையறை, எடுத்துக்காட்டு வாக்கியம் வழியாக ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கோ வேலைக்கோ வருகிறவர்கள் ஆங்கிலச் சொற்களைப் படிக்கும் முறை பெரும்பாலும் ஒன்றுதான். நோட்டின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள். ஒரு நாளைக்குப் பத்துச் சொல். மாதக் கடைசியில் கேட்டால் பொருளைச் சரியாகச் சொல்வார்கள். அதே சொல்லை வைத்து ஒரு வரி பேசுங்கள் என்றால் நின்றுவிடுவார்கள்.

அவர்களுடைய உழைப்பில் எந்தக் குறையும் இல்லை. வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. முதலில் வாக்கியம், அடுத்து ஆங்கில வரையறை, பிறகு சொந்த வாக்கியம், கடைசியில் தமிழ்ப் பொருள். இந்த வரிசையில் போனால் அதே அரை மணி நேரம் வேறு பலன் தருவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

ஒரு குறிப்பு: வாசிக்க வசதியாக இருக்கட்டும் என்று இங்கே ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். உங்கள் நோட்டில் அப்படி எழுத வேண்டாம். முதுகு, பை, மூட்டை கட்டுதல் ஆகிய மூன்றுக்கும் உரிய ஆங்கிலச் சொற்கள் தமிழில் எழுதினால் ‘பேக்’ என்றே வந்து நிற்கும். ஆங்கில எழுத்தில் எழுதி, ஒலியை அகராதியின் ஒலிபெருக்கிக் குறியைத் தொட்டுக் கேளுங்கள்.

1. தொடங்கும் முன் தேவையானவை

முதல் தேவை ஒரு நல்ல அகராதி. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கென்றே எழுதப்பட்டதாக அது இருக்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு, லாங்மேன், கேம்பிரிட்ஜ், காலின்ஸ் கோபில்ட் ஆகிய நான்குமே இப்படிப்பட்ட அகராதிகளை இணையத்தில் இலவசமாகத் தருகின்றன. லாங்மேன் தன் வரையறைகளை ஏறத்தாழ 2000 எளிய சொற்களைக் கொண்டே எழுதுகிறது. கோபில்ட், வரையறையையே ஒரு முழு வாக்கியமாக எழுதிவிடுகிறது. தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு இவ்விரண்டும் எளிது.

இதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்கும் எழுதப்பட்ட பொது அகராதி, தெரியாத ஒரு சொல்லை அதைவிடக் கடினமான சொல்லால் விளக்கும். அங்கிருந்து இன்னொரு சொல், அதிலிருந்து மற்றொன்று என்று அலைந்து பத்து நிமிடத்தில் அகராதியை மூடிவிடுவீர்கள். மெரியம்-வெப்ஸ்டர் போன்ற சில அகராதிகள் ஒரு சொல்லின் பழைய பொருளை முதலில் வைக்கின்றன. முதல் வரியை மட்டும் பார்ப்பவருக்கு இன்று அதிகம் புழங்காத பொருள் கிடைக்கக்கூடும்.

இரண்டாவது, ஒரு சொற்பட்டியல். ஆக்ஸ்ஃபோர்டு 3000 என்ற பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சொற்கள் ஏ1 (தொடக்க நிலை) முதல் பி2 (மேல் இடைநிலை) வரை நிலைவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். நாளிதழின் தலையங்கத்திலிருந்து சொல் பொறுக்குவதை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். அங்கே கிடைக்கும் அரிய சொல் அடுத்த ஆறு மாதத்தில் ஒருமுறைகூட உங்கள் எதிரே வராமல் போகலாம். எதிரே வராத சொல் தங்காது.

மூன்றாவது, கோடு போட்ட ஒரு நோட்டு. இடப்பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். வலப்பக்கம் காலியாக இருக்கட்டும்; அதன் பயன் ஒன்பதாம் படியில் வரும்.

நான்காவது, எளிய வாசிப்பு. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் ஆறாம், ஏழாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூல்களை இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். எளிய ஆங்கில விக்கிப்பீடியாவும் இருக்கிறது. பட்டியலில் படித்த சொல்லை நடமாடும் நிலையில் பார்க்க ஓர் இடம் வேண்டும், அதற்குத்தான் இது.

2. பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள்

‘ஏ’ வரிசையில் முதல் சொல்லிலிருந்து மனப்பாடம் செய்யத் தொடங்குவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. பாதிச் சொற்கள் ஏற்கெனவே தெரிந்திருக்கும். அலுப்பில் இரண்டாம் வாரமே கைவிட்டுவிடுவார்கள்.

பென்சிலோடு உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லின் பக்கத்திலும் ஒரு குறி போடுங்கள். யோசிக்காமல் ஒரு வாக்கியம் சொல்ல முடிந்தால் டிக். எங்கோ பார்த்திருக்கிறேன், பொருள் ஓரளவு தெரியும், ஆனால் வாக்கியம் வரவில்லை என்றால் அரை வட்டம். முற்றிலும் புதிது என்றால் வெறுமனே விடுங்கள்.

அரை வட்டச் சொற்களிலிருந்து தொடங்குங்கள். பாதி வேலை முடிந்த சொற்கள் அவை. வடிவமும் ஒலியும் பழகியிருக்கும், பயன்பாடு மட்டும் சேர்ந்தால் போதும். முதல் மாதத்திலேயே பலன் தெரிவதால் தொடர்ந்து படிக்கும் தைரியமும் வரும். குறி போடும்போது உங்களோடு நேர்மையாக இருங்கள். தமிழ்ப் பொருள் தெரிகிறது என்பதற்காக டிக் போடக் கூடாது. டிக் போடுமுன் ஒரு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.

3. சொல்லை வாக்கியத்தோடு எடுங்கள்

ஒரு நாளைக்கு ஐந்து சொற்கள், வாரத்தில் ஆறு நாள். ஆண்டுக்கு 1500-க்கு மேல் வருகிறது, தாராளமாகப் போதும். ஏழாவது நாள் மறுபார்வைக்கு மட்டும்.

அகராதியைத் திறந்ததும் கண்ணை எடுத்துக்காட்டு வாக்கியத்துக்குக் கொண்டுபோங்கள். வரையறையை இன்னும் படிக்க வேண்டாம். வாக்கியத்தைப் படித்து, இந்த இடத்தில் இந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்று ஊகியுங்கள். ஊகம் தவறிப்போனாலும் நஷ்டமில்லை. ஊகித்த பிறகு வரையறையைப் படிக்கும்போது மனம் விடை தேடிக்கொண்டிருக்கும், அதனால் படித்தது பதியும்.

ஒரு சொல்லுக்கு ஐந்தாறு பொருள்கள் இருந்தால் எல்லாவற்றையும் எழுதாதீர்கள். கற்பவர்களுக்கான அகராதிகளில் அதிகம் புழங்கும் பொருள் பெரும்பாலும் மேலே இருக்கும். அதை மட்டும் எடுங்கள். மற்றவை பின்னால் வாசிப்பில் எதிர்ப்படும்போது அதே பக்கத்தில் சேரட்டும்.

4. வரையறையை ஆங்கிலத்திலேயே படியுங்கள்

தமிழ்ப் பொருளை முதலில் பார்த்தால் மனம் அங்கேயே வேலையை முடித்துக்கொள்கிறது. அன்றாடச் சொற்களில் இது பெரிய சேதத்தை உண்டாக்கும். தமிழில் ஒரு வினை நிற்கும் இடத்தில் ஆங்கிலத்தில் பெரும்பாலும் இரண்டு மூன்று நிற்கின்றன.

‘கேள்’ என்பதைப் பாருங்கள். பாட்டுக் கேட்கிறோம், சத்தம் கேட்கிறது, வழி கேட்கிறோம். ஆங்கிலத்தில் முதலாவது லிஸன், இரண்டாவது ஹியர், மூன்றாவது ஆஸ்க். ‘பார்’ என்பதும் அப்படித்தான்: ஸீ, லுக், வாட்ச். ‘நம்புகிறேன்’ என்றால் ஹோப், பிலீவ், டிரஸ்ட் மூன்றில் ஏதாவது ஒன்றாக இருக்கலாம். தமிழ்ப் பொருளை மட்டும் எழுதிவைத்தவருக்கு இந்த மூன்றும் ஒரே சொல்லாகத் தோன்றும். வரையறையைப் படித்தவருக்கு வேறுபாடு தெரியும். லிஸன் என்பதன் வரையறையில் கவனம் செலுத்துதல் இருக்கிறது. ஹியர் என்பதன் வரையறையில் ஒலி காதில் விழுவது மட்டுமே இருக்கிறது.

இன்னும் ஆபத்தான ஒரு ஜோடி டவுட், ஸஸ்பெக்ட். இருமொழி அகராதியைப் புரட்டினால் இரண்டுக்கும் ‘சந்தேகப்படு’ என்றே இருக்கும். ஆங்கில வரையறையோ இரண்டையும் எதிரெதிர்த் திசையில் நிறுத்துகிறது. ஒரு விஷயம் உண்மையாக இருக்காது, நடக்காது என்று எண்ணுவது டவுட். உண்மையாகத்தான் இருக்கும் என்று எண்ணுவது ஸஸ்பெக்ட், அதுவும் பெரும்பாலும் கெட்ட விஷயத்தில்.

இன்று சரக்கு லாரி வருமா என்று மேலாளர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ஐ டவுட் இட்’ என்றால் ‘வராது என்று நினைக்கிறேன்’ என்று அர்த்தம். ஒருவர் பொய் சொல்கிறார் என்று உங்களுக்குப் படுகிறது. அங்கே ‘ஐ ஸஸ்பெக்ட் ஹி ஈஸ் லையிங்’ என்றுதான் வர வேண்டும். அந்த இடத்தில் டவுட் போட்டுவிட்டால், பொய் சொல்லவில்லை என்று நினைப்பதாக ஆகிவிடும். சொன்னவர் ஒன்று நினைக்க, கேட்டவர் நேர்மாறாகப் புரிந்துகொள்வார். தமிழ்ப் பொருள் எவ்வளவு நன்றாக மனப்பாடமாகியிருந்தாலும் இந்த விபத்தைத் தடுக்காது.

வரையறையைப் படித்ததும் அகராதியை மூடிவிட்டு, அதை உங்கள் எளிய ஆங்கிலத்தில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். இலக்கணம் பிசகினாலும் பரவாயில்லை. சொல்ல வராவிட்டால் வரையறை இன்னும் புரியவில்லை, மறுபடி திறந்து படியுங்கள். பெயர்ச்சொல்லின் வரையறையில் இரண்டு பகுதிகள் இருப்பதைக் கவனியுங்கள். அது எந்த இனத்தைச் சேர்ந்தது என்பது ஒன்று, அந்த இனத்தில் அது எப்படித் தனித்து நிற்கிறது என்பது மற்றொன்று. ஸாஸர் என்பது ஒரு சிறிய தட்டு என்றால் இனம் வந்துவிட்டது, கோப்பையை அதன் மேல் வைப்பார்கள் என்றால் தனித்தன்மையும் வந்துவிட்டது. இந்த இரண்டு மட்டும் நினைவில் நின்றால் போதும், வரையறையை எழுத்துக்கு எழுத்து ஒப்பிக்கத் தேவையில்லை.

5. சொல்லோடு ஒட்டிவரும் இலக்கணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

வரையறைக்கு முன்னாலும் பின்னாலும் சின்ன எழுத்தில் சில குறிப்புகள் இருக்கும். புதியவர்கள் அவற்றை அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். வாக்கியம் பிழையாவது அங்கேதான்.

அவாய்ட் என்ற வினைக்குப் பின்னால் வரும் அடுத்த வினை ‘இங்’ என்று முடியும். ‘ஐ அவாய்ட் ஈட்டிங் லேட்’ சரி, ‘ஐ அவாய்ட் டு ஈட் லேட்’ தவறு. டிஸ்கஸ் என்பதற்குப் பின் ‘அபவுட்’ வராது. ‘பற்றி விவாதித்தோம்’ என்று தமிழில் சொல்லிப் பழகிய வாய், ‘அபவுட்’டைத் தானாகச் சேர்த்துவிடும். எக்ஸ்பிளெயின் என்பதற்குப் பின் ஆளைச் சொல்ல வேண்டுமானால் நடுவில் ‘டு’ வேண்டும்: ‘எக்ஸ்பிளெயின் இட் டு மீ’.

பெயர்ச்சொல்லின் பக்கத்தில் எண்ணத்தக்கதா, எண்ண முடியாததா என்ற குறி இருக்கும். அட்வைஸ், ஃபர்னிச்சர், லக்கேஜ், இன்ஃபர்மேஷன் எல்லாம் எண்ண முடியாத வகை, கடைசியில் ‘ஸ்’ சேராது. நாற்காலி மேசைகளை எண்ணத்தானே செய்கிறோம் என்று வாதாடத் தோன்றும். ஆங்கிலத்தில் அந்தச் சொல் அப்படித்தான் நடந்துகொள்கிறது, குறித்துக்கொண்டு மேலே போங்கள்.

இதை விதியாக எழுதாமல் சொல்லோடு சேர்த்து எழுதுங்கள். ‘அவாய்ட்’ என்று எழுதும் இடத்திலெல்லாம் ‘அவாய்ட் டூயிங் ஸம்திங்’ என்று எழுதுங்கள். பேசும்போது விதியை யோசிக்க நேரமிருக்காது, சேர்த்துப் படித்தது சேர்ந்தே வாயில் வரும்.

6. கூட வரும் சொற்களையும் பிடியுங்கள்

தமிழில் நாம் எத்தனையோ விஷயங்களைப் ‘போடுகிறோம்’. டீ போடுகிறோம், சட்டை போடுகிறோம், சண்டை போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம். ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் தனி வினை: டீக்கு மேக், சட்டைக்கு வேர், சண்டைக்கு ஃபைட், கையெழுத்துக்கு வெறும் ஸைன். ‘புட்’ என்பதை ‘போடு’ என்று மட்டும் படித்தவர் நான்கு இடத்திலும் அதையே வைப்பார். பலத்த மழை என்று சொல்லிப் பழகியவர் ‘ஸ்ட்ராங் ரெயின்’ என்பார். ஆங்கிலத்தில் மழைக்கு ஹெவி, டீக்குத்தான் ஸ்ட்ராங்.

ஆக்ஸ்ஃபோர்டு, லாங்மேன் அகராதிகளில் முக்கியமான சொற்களுக்குக் கீழே அதனோடு சேர்ந்துவரும் சொற்கள் தனியாகத் தரப்பட்டிருக்கும். ஒரு சொல்லுக்கு இரண்டு சேர்க்கைகளை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். பத்து எழுதினால் ஒன்றும் நிற்காது.

7. சொந்த வாக்கியத்தை மூன்று கட்டமாக எழுதுங்கள்

இந்தப் படியைத்தான் அதிகம் பேர் தவிர்க்கிறார்கள், இதில்தான் சொல் உங்களுடையதாகிறது. அவசரப்படாமல் மூன்று கட்டமாகச் செய்யுங்கள்.

முதல் கட்டம், அகராதி வாக்கியத்தை அப்படியே கையால் எழுதுவது. இணையத்தில் சில தளங்கள் எங்கெங்கிருந்தோ வாக்கியங்களை அள்ளிக் கொட்டிவைத்திருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு அகராதி தரும் வாக்கியத்தையே எடுங்கள். அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் அகராதி ஆசிரியர்கள்.

இரண்டாவது கட்டம், ஒரே ஓர் இடத்தை மாற்றுவது. ஆளை மாற்றுங்கள், அல்லது பொருளை மாற்றுங்கள். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். இதனால் இலக்கணம் உடையாமல் நிற்கும், சொல்லின் வடிவமும் கைக்குப் பழகும்.

மூன்றாவது கட்டத்தில் முழுதும் சொந்த வாக்கியம். உங்கள் வீடு, வேலை, ஊர் பற்றிய உண்மையான விஷயமாக இருக்கட்டும். கற்பனை வாக்கியம் மறந்துபோகும், நடந்தது மறக்காது.

வாக்கியம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. படித்த சொல்லை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள். மறைத்த இடத்தில் வேறு எந்தச் சொல் வேண்டுமானாலும் பொருந்துகிறது என்றால் அந்த வாக்கியம் உதவாது.

ரிலக்டன்ட் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒன்றைச் செய்ய மனமில்லாமல் தயங்குவது. புதியவர்கள் எழுதுவது: ‘மை ஃபாதர் ஈஸ் ரிலக்டன்ட்.’ சொல்லை மறைத்தால் அந்த இடத்தில் நல்லவர், உயரமானவர், டெய்லர் என்று எதுவும் உட்காரும். இப்போது இதைப் பாருங்கள்: ‘மை ஃபாதர் வாஸ் ரிலக்டன்ட் டு ஸெல் தி கௌ, பிகாஸ் ஷி ஸ்டில் கேவ் மில்க்.’ மாடு இன்னும் பால் கொடுத்தது, அதனால் அப்பாவுக்கு விற்க மனமில்லை. சொல்லை மறைத்தாலும் பின்பாதி பொருளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ‘டு’ சேர்ந்து வருவதும் கூடவே பதிகிறது. உங்கள் வாக்கியத்தில் ஒரு ‘பிகாஸ்’ அல்லது ஒரு ‘பட்’ இருந்தாலே பாதிச் சோதனையில் தேறிவிடும். காரணமோ முரணோ வரும்போது பொருள் தானாக வெளிப்படுகிறது.

எழுதியதைச் சரிபார்க்க ஆசிரியர் பக்கத்தில் இல்லையென்றால், அகராதி வாக்கியத்தையும் உங்களுடையதையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வையுங்கள். சொல்லுக்கு முன்னும் பின்னும் வருபவை ஒரே வகையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலான பிழைகள் இதிலேயே அகப்பட்டுவிடும்.

8. இப்போது தமிழ்ப் பொருளை எழுதுங்கள்

தமிழே வேண்டாம் என்று சிலர் கண்டிப்புக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. தாய்மொழியில் ஒருமுறை தொட்டுப் பார்க்காமல் திருப்தி வராது, அதில் தவறும் இல்லை. ஆனால் சொல்லுக்குத் தமிழ் எழுத வேண்டாம். உங்கள் சொந்த வாக்கியத்துக்குத் தமிழ் எழுதுங்கள். ‘ரிலக்டன்ட் - தயக்கம்’ என்று எழுதினால் பெயரடை பெயர்ச்சொல்லாக மாறிவிடுகிறது. ‘மாட்டை விற்க அப்பாவுக்கு மனமே வரவில்லை’ என்று எழுதினால் பொருளும் பயன்பாடும் ஒன்றாக நிற்கும்.

9. மறுபார்வைக்கு நாள் குறியுங்கள்

மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து. ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் இந்த நான்கு தேதிகளையும் எழுதும்போதே குறித்துவிடுங்கள். இடைவெளி விட்டு நினைவுகூர்ந்தால்தான் நீண்ட நாள் நிற்கும். ஒரே நாளில் பத்துமுறை படிப்பது பரீட்சை வரைக்கும்தான் தாங்கும்.

மறுபார்வை என்றால் திரும்பப் படிப்பது அல்ல. படிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோலவே இருக்கும், அது ஏமாற்றம். இடப்பக்கத்தில் உள்ள ஆங்கிலத்தைத் தாளால் மூடி, தமிழ் வாக்கியத்தை மட்டும் பார்த்து ஆங்கில வாக்கியத்தைச் சொல்லுங்கள். பொருளிலிருந்து சொல்லுக்குப் போகும் திசையில் பயிற்சி வேண்டும், பேசும்போது அந்தத் திசையில்தானே போகிறோம். வெற்றிகரமாக வந்தால், காலியாக விட்ட வலப்பக்கத்தில் அதே சொல்லுக்குப் புதிய வாக்கியம் ஒன்று எழுதுங்கள். நான்கு மறுபார்வை முடியும்போது, முதலில் எழுதியதோடு சேர்த்து ஒரு சொல்லுக்கு ஐந்து சொந்த வாக்கியங்கள் சேர்ந்திருக்கும்.

கைபேசியில் செய்ய விரும்புகிறவர்களுக்கு அன்கி என்ற செயலி இருக்கிறது. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் மட்டும் காசு. எப்போது எந்த அட்டையைக் காட்ட வேண்டும் என்று அதுவே கணக்கிடும். அட்டையின் முன்புறம் உங்கள் வாக்கியத்தை எழுதி, கற்கும் சொல்லின் இடத்தில் கோடிடுங்கள். பின்புறம் அந்தச் சொல். பிறர் தயாரித்த அட்டைகளை ஆயிரக்கணக்கில் இறக்கிக்கொள்ளாதீர்கள். ஆறு, ஏழாம் படிகளின் உழைப்பு அவற்றில் உங்களுடையதாக இருக்காது.

சில நாள் தவறிவிட்டால் புதிய சொற்களை நிறுத்திவிட்டு, நிலுவையில் உள்ள மறுபார்வையை முதலில் முடியுங்கள். ஈடுகட்டுவதற்காக ஒரே நாளில் இருபது புதிய சொல் எடுத்தவர்கள் அடுத்த வாரம் இன்னும் பெரிய நிலுவையோடு நிற்கிறார்கள்.

10. வாசிப்பில் சொல்லைத் தேடுங்கள்

தினமும் ஒரு பக்கம் எளிய ஆங்கிலம் படியுங்கள். நோட்டில் உள்ள ஒரு சொல் கண்ணில் பட்டால் அந்த வாக்கியத்தை வலப்பக்கத்தில் எழுதுங்கள். தெரியாத சொல் வந்தால் உடனே அகராதியைத் திறக்காமல் பக்கத்தை முடித்துவிட்டுத் திரும்புங்கள். ஒரு பக்கத்தில் ஏழெட்டுச் சொற்களுக்கு மேல் தெரியவில்லை என்றால் அந்த நூல் இப்போதைக்கு உங்களுக்கு அதிகம். ஒரு வகுப்பு கீழே இறங்குங்கள்.

ஏ2 வரை டிக் விழுந்த பிறகு கெட், டேக், புட், லுக் போன்ற குட்டி வினைகளுக்குத் திரும்பி வாருங்கள். ‘லுக் ஆஃப்டர்’ என்றால் கவனித்துக்கொள், ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடு என்று பின்னால் வரும் சிறு சொல் பொருளையே மாற்றும். இவற்றை ஒவ்வொன்றும் தனிச்சொல் என்று வைத்து, மூன்றாம் படியிலிருந்து அதே வரிசையில் நடத்துங்கள். ஒரே நாளில் ‘லுக்’கின் எல்லாச் சேர்க்கைகளையும் எடுத்தால் ஒன்றோடொன்று குழம்பும். வாரத்துக்கு இரண்டு மூன்று, அதுவும் வெவ்வேறு வினைகளிலிருந்து எடுங்கள்.